பத்து மணி நிகழ்ச்சிக்கு வராதவர்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். மீதிப் பேர், "அதுக்குச் சம்பளம் வேற தாராங்களா?" என்று கேட்கிறார்கள். கோவில்பட்டியிலிருந்து கடம்பூர் போகிற வழியில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. அங்கே இருக்கிற இருபத்தாறு பேரையும் ஞாயிறு தவிர தினமும் காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை ஏதாவது செய்ய வைப்பதுதான் என் வேலை. பந்து பிடிப்பது, பாட்டுப் பாடுவது, படத்தைப் பார்த்துப் பெயர் சொல்வது, பயறு பிரிப்பது என்று வாரத்துக்கு ஒரு அட்டவணை போடுவேன். பதவிக்குக் காகிதத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. ஆனால் எல்லோருக்கும் நான் எஸ்தர் டீச்சர்தான். இதற்கு முன்னால் பதினெட்டு வருடம் பால்வாடியில் இருந்தவள்.

பால்வாடியை விட்டு வந்தாலும் பால்வாடி என்னை விடவில்லை. எழுபது வயதுக்காரர் பலூனைத் தட்டினால் "வெரி குட்" என்பேன். எண்பது வயதுக்காரி கையைத் தூக்கினால் எல்லோரையும் கைதட்டச் சொல்வேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தீப்பெட்டி ஆபீசில் காலமெல்லாம் வேலை பார்த்த தாயம்மாக்கா சந்தோஷப்படுவார் என்று, குச்சி அடுக்குகிற சட்டம் ஒன்றைத் தேடி வாங்கிக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கூலி எவ்வளவு டீச்சர்?" என்று கேட்டார். "நாப்பது வருசம் இந்தச் சனியனைப் பாத்துட்டுத்தான் இங்கன வந்து ஒக்காந்திருக்கேன்." சட்டத்தை அன்றைக்கே மூட்டை கட்டி விட்டேன்.

போன வருடம் மூன்று மாதம் நோயில் கிடந்தேன். பஸ்சில், சர்ச்சில், காய்கறிக் கடையில் பார்க்கிறவர்கள் எல்லாம் என்ன நோய், எப்படி வந்தது, எப்படி எழுந்தாய் என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி விடுகிறேன்.

தொடக்கம் வயிற்றுப்போக்கு. மூன்று நாள் பாடாய்ப் படுத்திவிட்டுப் போய்விட்டது. யாருக்குத்தான் வராது என்று மறந்தும் விட்டேன். பத்து நாள் கழித்து உள்ளங்காலில் எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. செருப்பு தானாகக் கழன்றது. செருப்புத்தான் பழசாகிவிட்டது என்று புதுச் செருப்பு வாங்கினேன். அதுவும் கழன்றது.

இந்த இடத்தில் சுடலைமுத்து அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மணியாச்சி ஸ்டேஷனில் ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இல்லத்துக்கு வந்து எட்டு மாதம் ஆகியும் ஒரு நாள்கூட என் நிகழ்ச்சியில் உட்கார்ந்ததில்லை. கூடத்தின் சன்னலோரம் ஒரு நாற்காலி போட்டு, வராந்தாவைப் பார்த்தபடி இருப்பார். கூப்பிட்டால், "நீங்க நடத்துங்க டீச்சர்" என்பார். என் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராகத் தினமும் "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதுவேன். மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் எனக்கே மார்க் குறைந்த மாதிரி இருக்கும். அந்த மனிதர் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம்தான், ஒளிப்பானேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. வராந்தாவைத் தாண்டிப் போகும்போது அவர் கூப்பிட்டார்.

"டீச்சர், நேத்துலேருந்து பாக்கேன். ஒங்க நடை சரியில்ல. ரெண்டு காலும் தரையை அடிச்சு அடிச்சு வருது."

"நீங்க மொதல்ல வந்து எல்லாரோடயும் உக்காருங்க அண்ணாச்சி, பெறகு என் நடையைப் பாக்கலாம்" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் இல்லத்தின் மேலாளர் ஜோதியிடம் சொல்லியிருக்கிறார். ஜோதி என் வீட்டுக்காரர் தங்கராஜுக்குப் போன் போட்டுவிட்டாள். அவர் கோவில்பட்டி, கடம்பூர் தடத்தில் மினிபஸ் ஓட்டுகிறவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என்னை நடந்து காட்டச் சொன்னார். ஊரைக் கூட்டிவிட்டாரே அண்ணாச்சி என்று எனக்கு எரிச்சல். வாயுப் பிடிப்பு, நாளைக்கு எண்ணெய் போட்டு நீவிக்கொண்டால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.

காலையில் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. கால் இருக்கிறது, ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முதல் நாளே எச்சரிக்கை வந்திருந்ததால் இவர் எண்ணெய், நீவல் என்று யோசிக்கவே இல்லை. என்னைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு கோவில்பட்டியில் ஒரு டாக்டரிடம் போனார். அவர் பார்த்த அஞ்சாவது நிமிடம் திருநெல்வேலிக்கு அனுப்பி விட்டார்.

திருநெல்வேலியில் நரம்பு டாக்டர் ஒரு சின்ன ரப்பர் சுத்தியலால் முட்டிக்குக் கீழே தட்டினார். கால் துள்ள வேண்டும். துள்ளவில்லை. முழங்கையில் தட்டினார், அதுவும் சும்மா இருந்தது. "வயித்துப்போக்கு வந்துச்சா?" என்று கேட்டார். வந்தது என்றதும் தலையை ஆட்டினார். நோயின் பெயர் கில்லன் பாரே. வாய்க்குள் நுழைய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. கிருமியை எதிர்த்து உடம்பு ஒரு படையைத் தயார் செய்கிறது. கிருமி போன பிறகும் அந்தப் படை வீட்டுக்குப் போகாமல் நம் நரம்பையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. கரண்ட் வயருக்கு மேலே ரப்பர் உறை இருக்கிறதல்லவா, அதுபோல நரம்புக்கும் உறை உண்டு. அது பிய்ந்துபோனால் மூளை சொல்வது கைகாலுக்குப் போய்ச் சேராது. டாக்டர் இப்படித்தான் சொன்னார், எனக்குப் புரிந்தது.

அதை உறுதி செய்ய இரண்டு பரிசோதனை. ஒன்றில் கையிலும் காலிலும் லேசாக ஷாக் கொடுத்து, அது நரம்பில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்தார்கள். இன்னொன்றுக்கு முதுகை வளைத்துப் படுக்க வைத்து, தண்டுவடத்தைச் சுற்றியிருக்கிற நீரில் கொஞ்சம் ஊசியால் எடுத்தார்கள். ஊசியைவிட, ஒருக்களித்துச் சுருண்டு அசையாமல் படுத்திருந்த அந்த நேரம்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இந்த நோய் காலில் தொடங்கி மேலே ஏறும். மேலே ஏறி நெஞ்சுக்கு வந்தால் மூச்சு விடுகிற தசை ஓய்ந்துவிடும். அதனால்தான் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு நர்ஸ் வந்து, "அம்மா, நல்லா மூச்சை இழுத்து ஒன்னு ரெண்டு சொல்லுங்க, நடுவுல மூச்சு வாங்கக் கூடாது" என்பாள். ஒரே மூச்சில் எத்தனை வரைக்கும் எண்ண முடிகிறது என்பதுதான் பரிசோதனை. பதினெட்டு வருடம் பிள்ளைகளை எண்ண வைத்தவள் நான். முதல் நாள் இருபத்து நாலு வந்தது. மறுநாள் இருபது. அதற்கடுத்த நாள் பதினெட்டு. பதினைந்துக்குக் கீழே இறங்கினால் தொண்டையில் குழாய் போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் இவரிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. பதினாறில் நின்றது. இரண்டு நாள் அங்கேயே நின்றது. பிறகு பதினேழு வந்தபோது இவர் வெளியே போய் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். பைப்பில் தண்ணீர் வேகமாக வந்ததாம், அதனால் சட்டை நனைந்ததாம்.

மருந்து, அஞ்சு நாள் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற ஊசி. எத்தனையோ பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கிற எதிர்ப்புச் சத்து அது என்று சொன்னார்கள். முகம் தெரியாத அத்தனை பேருக்கும் அங்கேயே படுத்தபடி நன்றி சொன்னேன். காப்பீட்டு அட்டை பாதிச் செலவைத் தாங்கியது. மீதியை இவர் எப்படிப் புரட்டினார் என்று இன்றுவரை சொல்லவில்லை. நானும் துருவவில்லை.

நான் சாவுக்குப் பயப்பட்டேனா என்றால், பயந்தேன். ஆனால் எண்ணிக்கை ஏறத் தொடங்கியதும் அந்தப் பயம் போய் வேறொன்று வந்து உட்கார்ந்தது. கை. வலது கை மணிக்கட்டுக்குக் கீழே துணி மாதிரித் தொங்கியது. கால் வராவிட்டாலும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து என் வேலையைப் பார்த்துவிடலாம். கையில்லாமல் என்ன நிகழ்ச்சி நடத்துவது? ஜோதி போனில், "மூணு மாசம் ஒங்க எடத்துல ஆள் போட மாட்டோம் டீச்சர். அதுக்கு மேல இல்லத்துக் கமிட்டி கேக்கும்" என்று சொல்லியிருந்தாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த வேலை எனக்குப் பிடிக்கும். வீட்டில் உட்கார்ந்துவிடுவேனோ என்ற நினைப்புத்தான் என்னைத் தின்றது.

வார்டுக்கு மாற்றினார்கள். இவர் லீவு போட்டுக் கூடவே இருந்தார். எனக்குச் சோறு ஊட்டினார். எங்கள் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளுக்குக்கூட ஊட்டிப் பழக்கமில்லாத மனிதர். "ஏட்டி, வாயத் தெற. மேட்டுல வண்டி ஏறுது" என்று ஸ்பூனைக் கொண்டுவருவார், பாதி சாம்பார் கழுத்தில் ஊற்றும். தலை சீவிப் பின்னிவிடுவார். அந்தப் பின்னலைப் பார்த்துப் பக்கத்துக் கட்டில் அம்மா, "இது பின்னலா, தேர்வடமா?" என்று கேட்டார். மூன்றாவது வாரத்தில் நன்றாகவே பின்னக் கற்றுக்கொண்டுவிட்டார். இப்போதும் சில நாள் பின்னிவிடச் சொல்கிறேன். கை வராததால் அல்ல.

பிசியோதெரபிக்கு நிஷா என்று ஒரு பெண் வருவாள். இருபத்து நாலு வயதிருக்கும், சிரித்த முகம். ஒரு நாள் என் முன்னால் ஒரு கிண்ணத்தில் பாசிப்பயறும் உளுந்தும் கலந்து வைத்து, "ஆன்ட்டி, இதைத் தனித்தனியா எடுத்துப் போடுங்க பாப்போம்" என்றாள்.

எனக்குச் சுரீரென்றது. இது என் வித்தை. இல்லத்தில் வியாழக்கிழமைதோறும் நான் செய்வது. காலையில் வீட்டில் நானே இரண்டையும் கலந்து டப்பாவில் போட்டுக்கொண்டுபோய், யாரோ தெரியாமல் கலந்துவிட்ட மாதிரி அவர்கள் முன்னால் வைப்பேன். கரிசல் காட்டில் பயறு விதைத்து அறுத்த கைகள் அவை. ஒரு வார்த்தை சொல்லாமல் பிரித்துக் கொடுப்பார்கள். இப்போது கிண்ணம் என் முன்னால் இருந்தது. கலந்தது யார் என்று எனக்குத் தெரியும். நிஷா என் கட்டைவிரலைப் பிடித்து ஒரு பயற்றின் மேல் வைத்தாள். அது நழுவி ஓடியது. "வெரி குட் ஆன்ட்டி" என்றாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மறுநாளும் மூடிக்கொண்டேன். மூன்றாம் நாள் அவள் வைத்துவிட்டுப் போன தாளை இவர் எடுத்துக் காட்டினார். இங்கிலீஷில் ஒரு வரி. எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரியும். ஒத்துழைப்பு இல்லை என்று எழுதியிருந்தாள். வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்த வாரக் கடைசியில் இல்லத்திலிருந்து மூன்று பேர் பாசஞ்சர் ரயிலில் என்னைப் பார்க்க வந்தார்கள். ஜோதி, தாயம்மாக்கா, கூடவே சுடலைமுத்து அண்ணாச்சி. தாயம்மாக்கா கடம்பூர் போளி வாங்கி வந்திருந்தார். ஒன்றைப் பிய்த்து என் வாயில் வைத்துவிட்டு, மிச்சத்தைத் தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கட்டிலின் கால்மாட்டில் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க சொல்லலைன்னா நான் எண்ணெய் தேச்சுட்டுக் கெடந்திருப்பேன். நல்ல நேரத்துல வந்தீங்கன்னு டாக்டர் சொன்னாரு" என்றேன்.

"சரி" என்றார்.

"ஒண்ணு கேக்கணும். எட்டு மாசமா நிகழ்ச்சிக்கு வரவே இல்லியே, ஏன்?"

"வந்துட்டுத்தான இருந்தேன்."

"சன்னல் பக்கத்துல இருந்தீங்க."

"அதத்தான் சொல்லுதேன்." கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எங்க வேலையில ஒண்ணு உண்டு டீச்சர். நம்ம ஸ்டேசன்ல நிக்காத வண்டியா இருந்தாலும் எந்திரிச்சு நின்னு முழுசாப் பாக்கணும். ஏதும் தொங்குதா, அச்சு சூடாகிப் பொகை வருதா, சத்தம் மாறுதான்னு. கடைசிப் பெட்டி போற வரைக்கும் கண்ணை எடுக்கக் கூடாது. முப்பத்திரண்டு வருசம் செஞ்சேன். இங்கன வண்டி கெடையாது. காலையில எல்லாரும் வராந்தாவுல நடந்து வாராக. அவியளப் பாத்துட்டு இருந்தேன். ஒருத்தர் குளியலறைல விழுந்தாரே, அதுக்கு மூணு நாள் முன்னாலயே அவரு செவுத்தத் தொட்டுத் தொட்டு நடக்க ஆரம்பிச்சுட்டாரு. ஜோதிம்மாகிட்ட சொன்னேன், பிடிச்சுக்கக் கம்பி மாட்டுறதுக்குள்ள விழுந்துட்டாரு."

ஜோதி ஆமாம் என்று தலையசைத்தாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒங்ககிட்ட சொன்னா, 'வெரி குட் அண்ணாச்சி, வந்து பந்து பிடிங்க'ம்பீங்க."

தாயம்மாக்கா போளியோடு சிரித்துப் புரையேறிவிட்டது. இவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். நான் சிரிக்கவில்லை. எட்டு மாதம், வாரத்தில் ஆறு நாள், அந்த மனிதர் பெயருக்கு நேராக நான் எழுதியது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

"கையத் தூக்குங்க" என்றார் அண்ணாச்சி. தூக்கினேன். விரலை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார். குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எடது கை பரவால்ல. வலது கையில மூணு வெரலு மடங்கல. கட்டவெரலு அசையுது, ஆனா உள்ள வராம வெளிய போகுது. இன்னும் நாளாகும்" என்றார்.

மூன்று வாரமாக வந்தவர்கள் எல்லோரும் சரியாகிவிடும், சரியாகிவிடும் என்றுதான் சொன்னார்கள். கையைப் பார்த்து இதுதான் நிலைமை என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர் சொன்னதும் எனக்கு அழுகை வரவில்லை. நிம்மதியாக இருந்தது. ஒருவர் பார்த்திருக்கிறார் என்ற நிம்மதி.

மறுநாள் நிஷா வந்ததும் நானே கிண்ணத்தைக் கேட்டேன். "பாப்பா, எனக்கு வெரி குட் சொல்லாத. எது வரலியோ அதச் சொல்லு."

"பேஷன்ட் மனசு விட்டுரக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க ஆன்ட்டி."

"எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

அவள் கெட்டிக்காரி. அன்றிலிருந்து என் கையைப் பிடித்து விரல் விரலாக அளக்கத் தொடங்கினாள். "மோதிரவிரல் பாதிதான் வருது ஆன்ட்டி", "இன்னைக்குக் கட்டைவிரல் கொஞ்சம் உள்ளே வந்திருக்கு" என்பாள். முதல் பயறு என் இரண்டு விரலுக்கு நடுவில் நின்று கிண்ணத்துக்குள் விழ பதினோரு நாள் ஆயிற்று. அன்றைக்கு இவர் வார்டு முழுவதற்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

நாற்பத்தோராம் நாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பிறகு ஊன்றுகோல். பிறகு சுவரும் இவர் தோளும். நரம்பு மெதுவாகத்தான் வளரும், அவசரப்படுத்த முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுண்டுவிரல் முழுசாக வராமலே போகலாம் என்றும் சொன்னார். சுண்டுவிரலை விட்டுக்கொடுக்க நான் தயாராகிவிட்டேன். மீதி நாலையும் விடவில்லை. வீட்டில் உட்கார்ந்தபடி இடது கையால் புது அட்டவணை ஒன்று போட்டேன். அதில் நானே கலந்து வைக்கிற பயறு கிடையாது. இல்லத்துச் சமையலுக்கு எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கத்திலிருந்து வருகிற பயற்றில் உண்மையான கல்லே வேண்டியமட்டும் இருக்கிறது. அதைப் பொறுக்கிக் கொடுத்தால் மத்தியானம் சாம்பாரில் பல் உடையாது. ஜோதி கொடுத்தனுப்பிய பதிவேட்டில் "ஒத்துழைப்பு இல்லை" என்ற கட்டத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டு, "என்ன செய்துகொண்டிருந்தார்" என்று எழுதினேன்.

மூன்று மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது வேலைக்குப் போனேன். இவர் தன் மினிபஸ்சை இல்லத்து வாசலிலேயே நிறுத்தி இறக்கிவிட்டார். பயணிகள் யாரும் முணுமுணுக்கவில்லை, ஓர் அம்மா என் பையைக்கூட எடுத்துக் கொடுத்தார். கமிட்டியிலிருந்து ஒருவர் வந்து கூடத்தின் பின்னால் உட்கார்ந்திருந்தார். எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்கும் தெரியும், ஜோதிக்கும் தெரியும்.

கூடத்தில் ஒரு கரும்பலகை உண்டு. அங்கே இருப்பவர்களுக்கு ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும். ஆகவே பத்து மணிக்கு முதல் காரியமாக அன்றைய கிழமையைப் பலகையில் பெரிதாக எழுதவேண்டும். நான் இல்லாத நாட்களில் ஜோதி எழுதியிருக்கிறாள். அவள் சாக்பீசை எடுத்தாள். நான் கையை நீட்டினேன், கொடுத்துவிட்டாள்.

இரண்டு விரலும் கட்டைவிரலும் சாக்பீசைப் பிடித்தன. மோதிரவிரல் சும்மா கூட வந்தது. முதல் எழுத்து சாய்ந்தது. இரண்டாவது பெருத்துவிட்டது. நடுவில் சாக்பீஸ் விழுந்தது. குனிந்து நானே எடுத்தேன், எழுவதற்கு நேரம் ஆயிற்று. மீதியையும் எழுதிவிட்டு நகர்ந்து நின்றேன். வரி கீழ்நோக்கி இறங்கியிருந்தது. இதை யாராவது படிக்க முடியுமா என்று எனக்கே சந்தேகம்.

தாயம்மாக்கா கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்து மாட்டிக்கொண்டு, பலகையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு பின்வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார்.

"திங்கக்கெழம."